ஆரம்ப சுகாதார நிலையங்கள் கூடிச் செய்யும் தர மேம்பாடு: செட்டிநாட்டுப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தின் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களிலும், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த திருமயம், அரிமளம், பொன்னமராவதி பக்கத்திலும் பணியாற்றும் மருத்துவ அலுவலர்கள், செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வக நுட்புநர்கள் ஆகியோர் இம்முறையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்களை அவ்வாறே குறிப்பிட்டிருக்கிறோம். அவை எந்த நிலையத்தின் பதிவும் அல்ல.

மாதந்தோறும் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இது அதிலிருந்து எவ்வகையில் வேறு?

ஆய்வுக் கூட்டத்தில் எண்கள் கீழிருந்து மேலே போகின்றன, கேள்விகள் மேலிருந்து கீழே வருகின்றன. இலக்கை எட்டாத நிலையத்தின் மருத்துவ அலுவலர் எழுந்து நின்று காரணம் சொல்கிறார். எட்டிய நிலையத்தார், அடுத்த முறை தங்கள் பெயர் வராமல் இருந்தால் போதும் என்று அமர்ந்திருக்கிறார்கள். எட்டியவர்கள் எதைச் செய்து எட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இருப்பதில்லை.

கூடிச் செய்யும் தர மேம்பாட்டில் ஒரு குழு இன்னொரு குழுவின் எதிரே உட்காருகிறது. எட்டுப் பத்து நிலையங்கள் ஒரே சிக்கலை ஒரே காலத்தில் எடுத்துக்கொண்டு, ஒரே வகையில் அளந்து, தத்தம் இடத்தில் சிறு மாற்றங்களைச் செய்து பார்க்கின்றன. ஆறு முதல் பதினைந்து மாதங்கள் வரை நீளும் இப்பணியில், பெரும்பாலும் மூன்று முறை எல்லாக் குழுக்களும் நேரில் கூடுகின்றன. இதுவே கற்றல் கூட்டம். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது. கூட்டம் என்பது அந்த வேலையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை மற்றவர் முன் வைப்பதற்கான இடம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? நம் ஊருக்கு ஒத்துவருமா?

இதன் வேர் மருத்துவத்தில் இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது. 1924இல் அமெரிக்கத் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலைகளுக்காக வால்டர் ஷூவார்ட் என்ற இயற்பியலாளர், உற்பத்தியில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களில் இயல்பானது எது, கவனிக்க வேண்டியது எது என்று பிரித்தறிய ஒரு வரைபட முறையை அமைத்தார். அவரிடமிருந்து அதை எடுத்து வளர்த்த எட்வர்ட்ஸ் டெமிங், போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதைப் பரப்பினார். மருத்துவத்துக்கு வந்தது பிற்பாடுதான். டொனால்ட் பெர்விக்கும் அவருடைய தோழர்களும் 1991இல் தொடங்கிய சுகாதார மேம்பாட்டு நிறுவனம், பல மருத்துவமனைகள் கூடிக் கற்கும் இந்த வடிவத்தை 1995இல் உருவாக்கியது. 1998 முதல் அமெரிக்காவின் சமுதாய சுகாதார மையங்கள் நீரிழிவுக்காகவும், 2000 முதல் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்கள் நோயாளி மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாட்களைக் குறைக்கவும் இதைக் கையாண்டார்கள். கானாவில் 2008 முதல் 2015 வரை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பைக் குறைக்க இதே முறையில் வேலை நடந்தது. அங்கே அதைச் செய்தவர்கள், நம் கிராமப்புற நிலையங்களைப் போலவே ஆள் குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருந்த மையங்களின் செவிலியர்கள்தாம்.

ஒத்துவருமா என்பதற்கு விடை, முறையைவிட அதை நடத்துபவர்களைப் பொறுத்தது. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

தேசியத் தர உறுதிச் சான்று, காயகல்ப் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தேசியத் தர உறுதித் தரநிலைகள் எட்டுப் பிரிவுகளில் ஒரு நிலையத்தை மதிப்பிடுகின்றன. தேர்ச்சிக்குக் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2015 மே மாதம் தொடங்கப்பட்ட காயகல்ப் என்ற விருதுத் திட்டம், தூய்மையையும் தொற்றுத் தடுப்பையும் பார்க்கிறது. இவை ஒரு நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. இருக்கும் நிலையிலிருந்து அந்த நிலைக்கு எப்படிப் போவது என்பது வேறு கேள்வி. தரநிலைகளிலேயே தர மேலாண்மை என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே கேட்கப்படும் மேம்பாட்டுச் சுழற்சிகளைத்தான் நாம் இங்கே உண்மையாகச் செய்து பார்க்கிறோம்.

மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, பதிவேடுகளை உட்கார்ந்து எழுதி முடிக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வு என்று வைத்தால் தேர்வுக்குப் படிப்பது மனித இயல்பு.

எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது?

பல நிலையங்களுக்கும் பொதுவானதாக, ஓர் ஆண்டுக்குள் அசைத்துப் பார்க்கக்கூடியதாக, நிலையத்தாரின் கைக்குள் இருப்பதாக ஒன்றை எடுக்க வேண்டும். செட்டிநாட்டைப் பொறுத்தவரை இரத்த அழுத்தமே முதல் தேர்வு என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகவோ இருவராகவோ வாழும் முதியோர் இங்கே அதிகம். ஊறுகாய், வத்தல், கருவாடு என்று உப்பும் உணவோடு கூடவே வருகிறது.

மாநிலக் கணக்கும் இதையே சொல்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் அந்த அளவு 10.8 விழுக்காடு. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 2023-24இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் இரண்டு அளவுகளும் ஏறத்தாழ 17 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. மருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மீதி இருக்கும் இடைவெளி எங்கே உள்ளது என்று தேடுவதுதான் நிலையக் குழுவின் வேலை.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

மருத்துவ அலுவலர், தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர், மருந்தாளுநர், ஒரு கிராம சுகாதார செவிலியர், ஒரு தன்னார்வலர் என ஐந்து பேர் போதும். வெளிநோயாளர் சீட்டு எழுதுபவரை விட்டுவிடாதீர்கள். வரிசை எங்கே நிற்கிறது, யார் பொறுமையிழந்து திரும்பிப் போகிறார்கள் என்பது மருத்துவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

குறிக்கோளை எப்படி எழுதுவது?

"இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டை மேம்படுத்துவோம்" என்பது விருப்பம். "எங்கள் நிலையத்தில் பதிவுசெய்தவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருப்போரின் அளவை, வரும் ஆனி முடிவதற்குள் 28 விழுக்காட்டிலிருந்து 45 ஆக உயர்த்துவோம்" என்பது குறிக்கோள். எவ்வளவு, எப்போதைக்குள், யாருக்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எட்டு நிலையங்களும் ஒரே எண்ணை எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஒரே அளவீட்டைக் கையாண்டால் போதும்.

அந்த அளவீட்டில் அப்படி என்ன சிக்கல் இருக்கிறது? வருபவர்களின் அழுத்தத்தைப் பார்த்து எழுதுகிறோமே.

சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒரு நிலையத்தில் 400 பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் 180 பேர். அவர்களில் 110 பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழே இருக்கிறது. வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் 61 விழுக்காடு என்று பெருமைப்படலாம். பதிவான எல்லோரையும் வைத்து வகுத்தால் 27.5 விழுக்காடுதான். வராத 220 பேரின் நிலை என்ன? அவர்கள் தனியார் மருத்துவரிடம் போயிருக்கலாம், மகன் வீட்டுக்குப் போயிருக்கலாம், மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். எது என்று தெரியும்வரை அவர்களைக் கட்டுக்குள் இல்லாதவர்களாகவே எண்ண வேண்டும். 2017இல் நாட்டின் சில மாநிலங்களில் தொடங்கப்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பும், வராதவர்களை இவ்வாறு கணக்கில் வைத்தே நிலையங்களை அளக்கிறது.

இரண்டாவது சிக்கல் எழுதும் எண்ணிலேயே இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, மேல் அழுத்த எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். மின்னணுக் கருவியில் எடுத்திருந்தால், சுழியில் முடிவது ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கம் முழுவதும் 130/80, 140/90, 130/80 என்று வரிசையாக இருந்தால், கருவி காட்டியதை நாம் எழுதவில்லை, நாம் எழுதியதைப் பதிவேடு காட்டுகிறது. எல்லாக் குழுக்களும் முதல் கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை இது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, ஒரு ரூபாய் செலவும் இல்லை.

சிறு சோதனை என்று சொல்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது?

திட்டமிடுவது, செய்து பார்ப்பது, என்ன நடந்தது என்று ஆராய்வது, ஏற்பதா மாற்றுவதா விடுவதா என்று முடிவெடுப்பது என நான்கு படிகள். முதல் சுழற்சி மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: ஒரு நாள், ஒரு செவிலியர், ஐந்து அல்லது பத்து நோயாளிகள்.

அழுத்தம் பார்க்கும் மேசையையே எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி. வெளிநோயாளர் கூடத்தில் வரிசை வாசல்வரை நிற்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த மூதாட்டி, முதுகு சாயாத முக்காலியில் உட்கார்ந்த மறுகணமே கையில் பட்டை சுற்றப்படுகிறது. கை மேசைக்குக் கீழே தொங்குகிறது. பக்கத்து வீட்டுத் திருமணத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், செவிலியரும் மரியாதைக்குப் பதில் சொல்கிறார். கருவி 164/92 என்று காட்டுகிறது. ஐந்து நிமிடம் ஓய்வெடுக்காதது, முதுகுக்கும் கைக்கும் தாங்கல் இல்லாதது, பேசிக்கொண்டிருந்தது ஆகிய ஒவ்வொன்றும் அந்த எண்ணை ஏற்றக்கூடியவை. அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், அடுத்த வாரம் தலைசுற்றிக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியலாம்.

ஒரு குழு இங்கே செய்யக்கூடிய முதல் சோதனை இவ்வளவுதான்: கூடத்தின் ஓரத்தில் முதுகு சாய்ந்த நாற்காலிகள் ஐந்தைச் சுவரோடு ஒட்டிப் போடுவது, அங்கே வந்து உட்காருபவரிடம் தன்னார்வலர், "அப்பத்தா, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்வது, ஐந்தாவது நாற்காலிக்கு நகர்ந்து வருவதற்குள் ஐந்து நிமிடம் தானாகக் கழிந்துவிடும்படி வரிசையை அமைப்பது. ஒரு நாள் காலையில் பத்துப் பேரிடம் இதைச் செய்து, உட்கார்ந்ததும் ஒரு முறையும் ஓய்வுக்குப் பிறகு ஒரு முறையும் அழுத்தம் எடுத்து, இரண்டு எண்களையும் எழுதிப் பாருங்கள். அந்தப் பத்து இணைகள், எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் உங்கள் செவிலியர்களை நன்றாக நம்பவைக்கும்.

சோதனை தோற்கவும் செய்யும். நாற்காலி வரிசையால் மருந்து வாங்கும் இடத்தில் நெருக்கடி ஏற்படலாம். பேசாமல் உட்காரச் சொன்னதற்கு யாராவது கோபித்துக்கொள்ளலாம். அதையும் எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள். கல்லலில் தோற்றது தேவகோட்டையில் வேறு வடிவத்தில் பலிக்கலாம்.

எண்கள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகின்றன. முன்னேற்றம் என்று எப்போது சொல்லலாம்?

மாத எண்களை ஒரு கட்டத்தாளில் வரிசையாகப் புள்ளி வைத்துக் கோட்டால் இணையுங்கள். எல்லாப் புள்ளிகளின் நடு எண்ணைக் கண்டு குறுக்கே ஒரு கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது. தொடர்ந்து ஐந்து புள்ளிகள் ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ அதுவும் அப்படியே. இவை இல்லாதபோது, போன மாதத்தைவிட இந்த மாதம் மூன்று விழுக்காடு கூடியது என்பதற்காகப் பாராட்டவும் வேண்டாம், குறைந்தது என்பதற்காக விளக்கம் கேட்கவும் வேண்டாம். ஆய்வுக் கூட்டங்களில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி, இயல்பான ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதிலேயே போகிறது.

ஆறு புள்ளிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமே என்று கேட்பவர்கள், வாரந்தோறும் பத்துச் சீட்டுகளை எடுத்து அளக்கலாம். புள்ளிக்குப் பக்கத்தில் அந்த வாரம் என்ன நடந்தது என்று குறித்துவையுங்கள். தை முதல் வாரத்தில் பொங்கலும் சிராவயல் மஞ்சுவிரட்டும் வரும்போது நிலையத்தில் கூட்டம் குறைவது எல்லோரும் அறிந்ததே. நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களிலும் காலை நேர வருகை குறையும். குறிப்பு இல்லையென்றால், அடுத்த ஆண்டு புதிதாக வரும் மருத்துவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் திகைப்பார்.

எங்கள் உண்மையான எண்ணைக் காட்டினால் மெமோ வரும். யார் காப்பாற்றுவார்கள்?

நேர்மையான கேள்வி. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்கு அடுத்தபடிதான். மேலே சொன்ன 61, 27.5 என்ற இரண்டு எண்களும் ஒரே நிலையத்தின் ஒரே காலத்துக்குரியவை. 27.5 என்று எழுதும் குழுவுக்குக் கண்டனமும் 61 என்று எழுதும் குழுவுக்குக் கைதட்டலும் கிடைக்குமானால், அடுத்த மாதமே எல்லா நிலையங்களும் 61ஐ எழுதக் கற்றுக்கொள்ளும். அதன்பின் எத்தனை கூட்டம் நடத்தினாலும் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. டெமிங் தம் பதினான்கு கொள்கைகளுள் ஒன்றாக "அச்சத்தை அகற்று" என்று வைத்தது ஊழியர் நலனுக்காக மட்டுமன்று. அச்சம் இருக்கும் இடத்தில் எண்கள் பொய்யாகும் என்பதற்காகவும்தான்.

ஆகவே தொடங்குவதற்கு முன்பே மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுத்து மூலமாக இரண்டு உறுதிகளைப் பெற வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. ஒன்று, கற்றல் கூட்டத்துக்கு வரும் எண்கள் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகா. இரண்டு, அந்த எண்களை வைத்து யார் மீதும் நடவடிக்கை இல்லை. ஆய்வுக் கூட்டத்துக்கு வழக்கமான அறிக்கை வழக்கம்போலப் போகட்டும். இந்த உறுதி கிடைக்காவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல். பாதி நம்பிக்கையில் நடக்கும் கூட்டுமுயற்சி, ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளோடு இன்னொரு பதிவேடாக முடிந்துவிடும்.

அலுவலர்கள் கூட்டத்துக்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். வரலாம். ஆனால் மேடையில் உட்காராமல் ஏதாவது ஒரு குழுவின் மேசையில் உட்கார வேண்டும். மருந்து இருப்பு, காலிப்பணியிடம், ஆய்வகப் பொருள் என்று குழுக்களால் தீர்க்க முடியாதவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.

கொசு ஒழிப்புக்கு இந்த முறை உதவுமா?

உதவும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தடை இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், ராயவரம், கோனாபட்டு என எந்த ஊரை எடுத்தாலும், ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் தெருத் தெருவாக உள்ளன. வளவு எனப்படும் உள்முற்றத்தின் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் மழைநீர் உள்ளே இறங்கும்படி கட்டிய வீடுகள் அவை. முற்றத்தின் மூலைகளில் அண்டாவும் கொப்பரையும் கல்தொட்டியும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஐப்பசி அடைமழையில் அவை நிரம்பினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் தாங்கி, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால்தான் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

வாரந்தோறும் வீடு வீடாகப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளர் பூட்டைப் பார்த்ததும் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? கணக்கில் அந்த வீடு வகுக்கும் எண்ணிலிருந்து விலகிவிடுகிறது. பார்த்த நூறு வீடுகளில் இத்தனை பாத்திரங்களில் புழு என்ற பிரட்டோ குறியீடு குறைவாக வரும். தெருவில் காய்ச்சல் மட்டும் குறையாது. வராத நோயாளியும் பூட்டிய வீடும் ஒரே வகைச் சிக்கல்கள்: நம்மால் பார்க்க முடியாததை இல்லாததாக எண்ணிவிடுகிறோம்.

பல நிலையங்களின் சுகாதார ஆய்வாளர்கள் சேர்ந்து இதை எடுத்தால், முதல் அளவீடு புழுக் குறியீடாக இருக்கக் கூடாது. பூட்டிய வீடுகளில் எத்தனை விழுக்காடு இந்த மாதம் திறந்து பார்க்கப்பட்டன என்பதாக இருக்க வேண்டும். பிறகு சோதனைகள். சாவி வைத்திருப்பவர் யார் என்று தெரு வாரியாக ஒரு பட்டியல் எடுக்கலாம். பெரும்பாலும் அடுத்த தெருவில் குடியிருக்கும் காவலாளியோ சமையல்காரரோ ஒரு பங்காளியோதான் வைத்திருப்பார். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடானால், ஒருவர் சம்மதம் மற்றவர் சம்மதம் ஆகாது என்ற சிக்கல் எழும். அப்போது நகரத்தார் கோயிலின் நிர்வாகியான காரியக்காரர் வழியாகப் பேசுவது பஞ்சாயத்து அறிவிப்பைவிடப் பலன் தரக்கூடும். ஐப்பசிக்கு முன்பே எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு, கவிழ்த்ததைப் படமெடுத்து வாட்ஸாப்பில் உரிமையாளருக்கு அனுப்பச் சொல்லலாம். வீட்டுக்காரரோ சாவி வைத்திருப்பவரோ உடன் இல்லாதபோது பணியாளர் தனியாக உள்ளே போகக் கூடாது என்பதில் எல்லாக் குழுக்களும் உறுதியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் தூணும் கதவும்கூடத் திருடு போகும் காலம் இது; ஒரு சந்தேகம் எழுந்தாலும் அடுத்த பத்து வீடுகள் திறக்கா.

தனியாரிடமும் மருந்து வாங்கிக்கொண்டு நம்மிடமும் வாங்குபவர்களை என்ன செய்வது?

திட்டாமல் கேட்க வேண்டும். காரைக்குடியில் ஒரு மருத்துவர், நிலையத்தில் ஒரு மருத்துவர், மகள் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டி என்று மூன்று இடத்து மாத்திரைகளையும் சாப்பிடும் முதியோர் உண்டு. மூன்று அட்டைகளிலும் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே இரத்த அழுத்த மருந்தாக இருக்கலாம். அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வது நல்ல சிறு சோதனை. மேசையில் கொட்டிப் பிரித்துப் பார்க்க மருந்தாளுநருக்கு ஐந்து நிமிடம் ஆகும். எத்தனை பேர் பையோடு வருகிறார்கள், எத்தனை பைகளில் இரட்டிப்பு இருக்கிறது என்ற இரண்டு எண்கள் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

புதிய பதிவேடு எதையும் தொடங்காதீர்கள். இருக்கும் பதிவேட்டிலிருந்து வாரம் பத்துச் சீட்டு, சுவரில் ஒரு கட்டத்தாள், திங்கட்கிழமை வெளிநோயாளர் பிரிவு முடிந்ததும் நின்றபடியே பத்து நிமிடப் பேச்சு. இதற்கு மேல் கேட்கும் ஒருங்கிணைப்பாளரை நீங்கள் மறுக்கலாம்.

உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது இன்னொரு திட்டமா?

பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய. உறுதியாகச் சொல்லும் ஆய்வுகள் குறைவு. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த இத்தகைய கூட்டுமுயற்சிகள் பற்றிய 64 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 83 விழுக்காட்டில் முதன்மை அளவீடுகளில் ஒன்றிலாவது முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் ஒன்றிலாவது என்பது தாராளமான அளவுகோல். பலிக்காத முயற்சிகளை எழுதி வெளியிடுபவர்கள் குறைவு என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கூட்டுமுயற்சி முடிந்து ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பிய இடங்களும் உண்டு. எங்கள் மதிப்பீடு இது: நோயாளி வந்துபோகும் வழி, அளக்கும் விதம், தொடர்ந்து வரவைப்பது போன்றவற்றில் இம்முறை நன்றாக வேலை செய்யும். ஆளே இல்லாத நிலையத்தையோ மருந்தே இல்லாத அலமாரியையோ இதனால் சரிசெய்ய முடியாது. மருந்து தீர்ந்துபோன மாதத்தில் தர மேம்பாடு பற்றிப் பேசுவது அழகல்ல. அது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கோடு முடிக்க வேண்டிய கணக்கு.

மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடுமே?

அவரை மட்டும் நம்பித் தொடங்கியிருந்தால் நின்றுவிடும். சுவரிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைப்பவர், பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் செவிலியராகவோ மருந்தாளுநராகவோ இருக்கட்டும். பலித்த மாற்றத்தைப் பழக்கமாக விடாமல் அமைப்பாக மாற்றுங்கள்: நாற்காலிகளின் இடத்தைத் தரையில் பெயிண்டால் குறித்துவிட்டால், புதிதாக வருபவர் அதை மாற்றக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை மாவட்டக் குழுக்களோடு சேரலாமா?

சேருவதே நல்லது. பொன்னமராவதிப் பக்கத்து நோயாளி திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் வந்து போகிறார். அவருக்கு மாவட்ட எல்லை தெரியாது. இரண்டு மாவட்ட அலுவலர்களிடமும் தனித்தனியே உறுதிக் கடிதம் பெற வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் வேலை. வேறு மாவட்ட அலுவலரின் கீழ் இருக்கும் குழுவிடம் தங்கள் மோசமான எண்ணைக் காட்டுவது பலருக்கு எளிதாகவும் இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பவர்பாயின்ட் வேண்டாம். தொற்றா நோய்ப் பதிவேட்டின் உண்மையான ஒரு பக்கத்தை, பெயரும் கைப்பேசி எண்ணும் தெரியாதபடி மறைத்து, நகலெடுத்துக் கொண்டுவாருங்கள். பதிவானவர் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் வந்தவர் எத்தனை பேர், கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் வர முடியாவிட்டால் பரவாயில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர் கட்டாயம் வர வேண்டும்.